பின்வளவுப் போத்தலும் நம் இளந்தாரிகளும்

(மல்லாவியில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் பேசியது, எழுத்து வடிவில்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர், மாதர் சங்கத் தலைவி, விளையாட்டுக் கழக நிர்வாகிகளே, காலையில் இருந்து பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, இப்போது இருக்க இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

அதிபர் ஐயாவுக்கு ஒரு தனி நன்றி சொல்லாமல் தொடங்க முடியாது. நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இந்தப் பக்கம் வந்த புதிதில், மேல்வகுப்புப் பொடியன்களுக்குப் பாலியல் நோய்கள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, பெற்றோர் சங்கத்தில் எதிர்ப்பு வந்தும் மண்டபத்தைத் திறந்து தந்தவர் அவர். செயலாளர் அம்மாவும் கூட்டம் தொடங்க முன்னமே வந்து, தலைவர் வரும்வரை மாதர் சங்கத்து அம்மாமாரோடு இருந்து கதைத்தார். அதையும் இந்த மேடையில் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குடியும் மனக் கொதிப்பும் சேர்ந்தால் ஒரு இளந்தாரி பாலுறவு விஷயத்தில் ஏன் ஆபத்துக்குள் காலை வைக்கிறான் என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தாய்மாரும் பிள்ளைகளும் இருக்கிற பந்தலில் இதைப் பேசுவதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இங்கே பேசாவிட்டால் பொடியன்களுக்கு அதைப் பேசிக் கொடுக்கப் போவது மதகடியில் போத்தலோடு இருக்கிற கூட்டம்தான். குடி, மனம், கைத்தொலைபேசி என்று மூன்றையும் பேசலாம் என்று நினைத்து வந்திருக்கிறேன். "வெள்ளம் வருமுன் அணை கட்டு" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கூட்டத்திலும் நான் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு யாராவது மண்மூட்டை தேடினார்களா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வன்னியில் பிறந்தவனுக்கு இந்தப் பழமொழியை விளக்கத் தேவையில்லை.

முதலில் குடி. குடித்தால் ஆசை கூடும், துணிவு வரும் என்றுதான் பொடியன்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. 1990 இல் கிளோட் ஸ்டீல், ரொபேட் ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை விளக்கினார்கள். வெறியில் இருக்கிறவனுடைய கவனம் சுருங்கிப் போகிறது. கண்முன்னால் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும். நாளைக்கு வரக்கூடிய நோய், கர்ப்பம், வழக்கு, அம்மாவின் முகம், இவை எல்லாம் அவனுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவை மனதின் முன்னுக்கு வருவதில்லை. ஆணுறை பற்றித் தெரியாதவனா நம் பொடியன்? பத்தாம் வகுப்பிலேயே தெரியும். சட்டைப் பையில் இருந்தும் எடுக்க மாட்டான். அறிவு குறைந்து போவதால் வருவதில்லை இது, அறிவு எட்டாத இடத்துக்குப் போய்விடுவதால் வருவது.

இன்னொன்றும் கேளுங்கள். 1976 இல் வில்சன், லோசன் என்ற இருவர் அமெரிக்காவில் ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு உண்மையான மது, சிலருக்கு மது கலக்காத பானம். யாருக்கு எது என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மது குடித்தோம் என்று நம்பியவர்களுக்கு, உள்ளே மது போகாவிட்டாலும், பாலுணர்வு கூடுதலாக எழுந்தது. ஆகவே பாதி வேலையைப் போத்தல் செய்கிறது, மீதியைப் போத்தலைப் பற்றி நாம் பொடியன்களுக்குச் சொல்லி வைத்த கதை செய்கிறது. "குடிச்சாத்தான் ஆம்பிளை" என்று பெரியப்பாமார் சொல்லும் கதை.

அடுத்தது மனம். நான் கூடுதலாகப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். இதை யாரும் பேசுவதில்லை. ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், டான் ஆரியலி என்ற இருவர் அமெரிக்காவின் பேர்க்லியில் ஆண் மாணவர்களிடம் ஒரே கேள்விகளை இரண்டு நிலைகளில் கேட்டார்கள். மனம் அமைதியாக இருக்கும்போது ஒரு தடவை, உணர்ச்சி கிளர்ந்திருக்கும்போது ஒரு தடவை. 2006 இல் வெளியான ஆய்வு. ஆணுறை போடுவாயா என்ற கேள்விக்கும், ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைக்க அவளுக்குக் குடிக்கக் கொடுப்பாயா என்ற கேள்விக்கும் பதில் கெட்ட பக்கமாகவே மாறியது. படித்த பிள்ளைகள், ஒரு சொட்டு மது இல்லை. அமைதியான மனிதனுக்குக் கொதிக்கிற தன்னைப் பற்றித் தெரியாது என்பதுதான் அதன் கருத்து.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இதில் வரும் தம்பியை யாரும் அடையாளம் காணாதபடி சில விஷயங்களை மாற்றித்தான் சொல்கிறேன், தேடாதீர்கள்.

ஒரு ஞாயிறு இரவு, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பொடியன். "ஐயா, என்ர கூட்டாளி ஒருத்தனுக்கு ஒரு பிரச்சினை" என்றான். சரி, உன் கூட்டாளியை உள்ளே வரச் சொல்லு, நீயும் வா என்றேன். (சிரிக்கிறீர்கள். அன்று அவன் சிரிக்கவில்லை.) உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் ஹெல்மெட் கழன்றது. வெள்ளிக்கிழமை ஒரு கலியாண வீடு. இவனும் கூட்டாளிமாரும் இரண்டு நாளாகப் பந்தல் போட்டு, வாழை கட்டி, கிடாரம் தூக்கி வேலை செய்திருக்கிறார்கள். வேலை முடிய வீட்டுக்காரர் வழக்கம்போலப் பின்வளவுக்கு மூன்று போத்தல் அனுப்பியிருக்கிறார். அன்று மத்தியானம்தான், இவன் நாலு வருடமாக விரும்பியிருந்த பிள்ளைக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை முற்றாகிவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது. அவளோடு கோபம் இல்லை, தன்னோடுதான் கோபம். வேலை இல்லை, தகப்பன் இல்லை, தாய்க்குக் கடன். குடித்தான். அழுதான். அழுதவனைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று கூட்டாளிமார் ஓட்டோ பிடித்து வேறு ஊருக்குக் கூட்டிப் போய், காசு வாங்குகிற ஒரு பெண்ணின் வீட்டில் விட்டிருக்கிறார்கள். பேர்சில் ஆணுறை இருந்தது. எடுக்கவில்லை.

நான் கேட்டேன்: "தம்பி, அண்டைக்கு வெறி இல்லாமல், கவலை மட்டும் இருந்திருந்தால் போயிருப்பியா?" இல்லை, அம்மாவிட்டப் போய்ப் படுத்திருப்பன் என்றான். "கவலை இல்லாமல் வெறி மட்டும் எண்டால்?" கொஞ்ச நேரம் யோசித்தான். "பாட்டுப் பாடிப்போட்டுப் பந்தலுக்கையே கிடந்திருப்பன் ஐயா."

ஆய்வாளர்கள் புத்தகம் எழுதிச் சொன்னதை அவன் இரண்டே பதிலில் சொல்லிவிட்டான்.

எச்.ஐ.வி தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். முந்த முந்த நல்லது. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். மணித்தியாலத்தை எண்ணிப் பார்த்தோம், நேரம் இருந்தது. திங்கள் விடியவே என் பின்னால் ஏற்றிக்கொண்டு மாங்குளம் சந்தியால் ஏ9 வீதிக்கு ஏறினேன். முறிகண்டியில் நிறுத்தாமல் யார் போவார்கள்? நிறுத்தினேன். அவன் ஹெல்மெட்டோடேயே பிள்ளையாருக்கு முன்னால் நிற்கிறான். பிள்ளையாருக்கு உன்னைத் தெரியும், கழற்று தம்பி என்றேன். கழற்றிக் கும்பிட்டவன் நேரம் போவது தெரியாமல் நின்றான். நான் கச்சான் வாங்கித் தின்று முடித்து, இரண்டாவது பையும் வாங்கிவிட்டேன். கிளிநொச்சி வைத்தியசாலையில் அந்த டொக்டர் ஒரு கேள்விகூடக் குத்தலாகக் கேட்கவில்லை. முதல் கிழமை குமட்டல் என்று போன் எடுத்தான். மருந்தை விடவில்லை. பிறகு பார்த்த இரத்தப் பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. இன்று நன்றாக இருக்கிறான்.

போகும் வழியில் அவன் ஒன்று கேட்டான், இன்றைக்கும் எனக்கு அது நினைவிருக்கிறது. "ஐயா, எனக்கு மருந்து இருக்கு. அந்த அக்காவுக்கு ஆர் பார்க்கினம்?" அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் அவளுக்கும் உரியது, இலவசம், யாருக்கும் விவரம் சொல்ல மாட்டார்கள். எச்.ஐ.வி தொற்றியவர்களுக்கு 2004 இல் இருந்தே இந்த நாட்டில் அரசு இலவசமாக மருந்து கொடுக்கிறது. ஒழுங்காக எடுப்பவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். அவர்களை ஒதுக்கி வைக்கிற ஊரில்தான் மற்றவன் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருப்பான்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 363 ஆம் பிரிவைத் தம்பிமார் தெரிந்து வைத்திருங்கள். நீங்களோ வேறு ஒருவரோ கொடுத்த மதுவின் வெறியில் இருக்கும் பெண்ணிடம் பெறும் சம்மதம் சட்டத்துக்குச் சம்மதமே அல்ல. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதமும் செல்லாது. "எனக்கு வெறி, தெரியாமல் நடந்தது" என்பது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.

2009 இல் தாய்மார் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தைகள்தான் இன்று நம் இளந்தாரிகள். எத்தனை வீட்டில் தகப்பன் இல்லை என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை, முன்வரிசையில் இருக்கிற அம்மாமாருக்குத் தெரியும். அழுகை, கோபம், பயம், வெட்கம், இவற்றை யாரிடம் சொல்வது என்று நாம் இந்தப் பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. மனம் நோகும்போது பின்வளவுக்குப் போ, அங்கே போத்தல் இருக்கும்.

ஆகவே என்னுடைய கோரிக்கைக்கு வருகிறேன். நான் பேசும் ஊரெல்லாம் கேட்கிற கோரிக்கை இது. கலியாண வீடோ, சாமத்திய வீடோ, கோயில் திருவிழாவோ, பந்தல் போட்ட பொடியன்களுக்குப் போத்தல் கொடுக்கிற வழக்கத்தை விடுங்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. கடைக்காரனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, பின்வளவுக்குள் யார் வருவார்? வீட்டுக்காரர்தான் அங்கே சட்டம். 18 வயதுப் பிள்ளையின் கையில் முதல் கிளாஸை வைக்கிறவர் கசிப்புக்காரர் அல்ல, மரியாதைக்குரிய மாமா, சித்தப்பா. உழைத்த பிள்ளைக்குக் கூலி கொடுங்கள். வாழையிலையில் இருத்திச் சோறு போடுங்கள். வேட்டி, சேர்ட் எடுத்துக் கொடுங்கள். மூன்று போத்தலின் விலைக்கு ஒரு பொடியனுக்கு நல்ல சேர்ட்டும் சாரமும் வாங்கலாம். வெள்ளம் வருமுன் அணை கட்டுங்கள் என்று நான் சொல்வது இதைத்தான். போத்தல் கொடுத்துவிட்டுப் பிறகு ஆணுறை போடு, யோசி, கவனம் என்று புத்தி சொல்வதால் பயன் குறைவு. கேட்க வேண்டியவனின் கவனம் அப்போது அங்கே இருக்காது.

தலைவர் கடதாசித் துண்டு அனுப்பியிருக்கிறார். கைத்தொலைபேசி பற்றிப் பேச நேரம் இல்லை, மன்னிக்க வேண்டும். ஆனால் தம்பிமாருக்கு இன்னும் ஒன்று. கனடாவில் சில ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு ஆய்வில், மதுச்சாலைக்குள் போகிறவர்களின் கையில் முத்திரை குத்தினார்கள். சிலருக்கு "எயிட்ஸ் கொல்லும்" என்ற முத்திரை. அந்த முத்திரை இருந்தவர்கள் வெறியிலும் ஆணுறை இல்லாமல் உறவுக்குப் போகத் தயங்கினார்கள். கண்முன்னால் இருப்பதுதான் வெறிக்காரனுக்குத் தெரியும் என்றேனே, அதையே நல்ல பக்கம் திருப்பியிருக்கிறார்கள். உங்களில் குடிக்கிறவர்கள் இருப்பீர்கள், உங்களை நான் கலைக்கவில்லை. ஒருவன் குடிக்காமல் நிற்பது என்று கூட்டாளிமார் முதலிலேயே பேசி வையுங்கள். அவன் கையில் மோட்டார் சைக்கிள் சாவி. அழுகிறவனை ஓட்டோவில் ஏற்றாதீர்கள், தாயிடம் கொண்டுபோய் விடுங்கள். மனம் தாங்காத இரவில் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், காசு இல்லை.

வாசலில் மாதர் சங்கத் தலைவி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். இந்த வருடம் வீட்டில் நல்ல காரியம் வைத்திருப்பவர்கள், பின்வளவுக்குப் போத்தல் அனுப்ப மாட்டோம் என்று அதில் பெயரும் திகதியும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதிய வீட்டுக்கு விளையாட்டுக் கழகப் பொடியன்களே கூலி இல்லாமல் பந்தல் போட்டுத் தருவதாகச் செயலாளர் தம்பி சற்று முன் என்னிடம் சொன்னார். முதல் பெயர் என்னுடையது. ஆவணியில் என் பேத்தியின் சாமத்தியச் சடங்கு, எல்லோரும் வாருங்கள், பந்தி பகலில். நன்றி, வணக்கம்.