ஒரு லட்சம் எப்படி 32 ஆனது?

நண்பர்களே, வணக்கம். முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். "1,00,000" என்ற சரத்தில் (எழுத்துகளின் வரிசையில்) காற்புள்ளிகளை நீக்கி எண்ணாக மாற்ற வேண்டும். லுவா என்ற நிரலாக்க மொழியில் ஒரே வரி: சரத்தில் மாற்றம் செய்யும் ஜிசப் (gsub) நீக்கட்டும், வந்ததை டோநம்பர் (tonumber) எண்ணாக்கட்டும். விடை 32!

ஜிசப் இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தரும்: மாற்றிய சரம், எத்தனை இடத்தில் மாற்றியது என்ற எண்ணிக்கை. இங்கே காற்புள்ளி இரண்டு. டோநம்பருக்குள்ளேயே ஜிசப்பை எழுதியிருந்ததால் இரண்டு மதிப்புகளும் அதற்குப் போயின; அது அந்த 2-ஐ அடிமானமாக, அதாவது எண் எழுதப்பட்ட முறையின் அடியாக, எடுத்துக்கொண்டது. அடிமானம் 2 என்ற பைனரியில் 100000 என்றால் 32தானே. "1,000" கொடுத்திருந்தால், அடிமானம் 1 செல்லாது என்று பிழை காட்டி நின்றிருக்கும். நம் ஊர் லட்சக் கணக்குக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

ஜாவா மொழியின் நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்தில் இந்த வம்பு கிடையாது. ஒரு மதிப்புதான்; அழைத்தவரின் ஸ்டாக் (மதிப்புகளை அடுக்கி வைக்கும் இடம்) உச்சியில் வைத்துவிட்டுப் போய்விடும். பைதானிலும் ஒன்றுதான். பல வேண்டுமா, டப்பிள் (tuple) என்ற ஒரே தொகுப்பாகப் பொட்டலம் கட்டித் தரும். எதுவும் தராவிட்டால் நன் (None) என்ற வெற்று மதிப்பு.

லுவா பொட்டலம் கட்டுவதில்லை. 2003-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து அது ரெஜிஸ்டர் இயந்திரம்: மதிப்புகளை ரெஜிஸ்டர் என்ற எண்ணிட்ட இடங்களில் வைத்து வேலை செய்யும். அழைக்கும்போது ஃபங்ஷன் ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும், அதையடுத்து அதற்கான உள்ளீடுகள். வேலை முடிந்ததும் விடைகள் அந்த ஃபங்ஷன் இருந்த இடத்திலிருந்தே வரிசையாக எழுதப்படும். அழைத்து முடித்த பிறகு அந்த இடம் எதற்கு? கெட்டிக்காரத்தனமான சிக்கனம்.

எத்தனை விடை வேண்டும் என்பதை அழைப்பவரின் கட்டளையே சொல்கிறது. அதில் ஓர் எண் இருக்கும்: 3 என்றால் இரண்டு விடை, 2 என்றால் ஒன்று. ஏன் ஒன்று கூட்டி எழுத வேண்டும்? 0-வுக்குத் தனி வேலை இருக்கிறது: 'வருவதெல்லாம் வரட்டும்'. எண்ணிக்கை சொல்லியிருந்தால், குறைவதை நில் (nil) என்ற வெற்று மதிப்பைப் போட்டு நிரப்பும், மிஞ்சியதை விட்டுவிடும். 0 என்றால் எத்தனை வரும் என்று நிரலைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கே தெரியாது. அதனால் கடைசி விடைக்கு அடுத்த இடத்தை, அந்த ரெஜிஸ்டர்கள் இருக்கும் ஸ்டாக்கின் 'டாப்' என்ற குறி குறித்து வைக்கும். அடுத்த கட்டளை அதைப் பார்த்து எண்ணிக்கொள்ளும்.

என் வரியில் நடந்தது அதுதான். உள்ளே இருந்த ஜிசப் அழைப்புக்கு 0 விழுந்திருந்தது. வெளியே இருந்த டோநம்பர் டாப் வரைக்கும் அள்ளிக்கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு லுவாவின் வழிதான் பிடிக்கும். ஒரு மதிப்பு கேட்பவருக்காக அது பொட்டலம் கட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. சரி, என் பிழையை எப்படித் திருத்தினேன்? உள் அழைப்பைச் சுற்றி இன்னொரு ஜோடி அடைப்புக்குறி, அவ்வளவுதான். கட்டளையில் 0 போய் 2 வந்தது. ஒரு லட்சமும் வந்தது.