ஆறு குரல்ல ஒண்ணு ஊமையானா

வணக்கம் நேயர்களே. என்னை இங்க கூப்பிட்டு பேசச் சொன்னதுக்கு நிலையத்துக்கு முதல்ல நன்றி. இன்னைக்கு நான் பேசப்போறது சிந்தசைசர் பத்தி, அதுலயும் நாப்பது அம்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச சிந்தசைசர்களை இன்னைக்கும் பாட வெச்சுக்கிட்டிருக்கிற ஆளுங்களைப் பத்தி. அந்தப் பெட்டிங்க தானா பொழைக்கல, திறந்து பாத்தவங்க இருந்தாங்க, பாத்ததை மத்தவங்களுக்கு மறைக்காம சொன்னவங்க இருந்தாங்க, அதனாலதான் பொழைச்சுது. இதை நான் இந்தப் பேச்சுல ரெண்டு மூணு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

லைட் மியூசிக் மேடையில ஒருத்தர் ஓரமா ரெண்டடுக்கு ஸ்டாண்டுல கீபோர்டு வெச்சுக்கிட்டு நிப்பாரே, பாத்திருப்பீங்க. அதுல இருந்து வயலினும் வரும், புல்லாங்குழலும் வரும், அதெல்லாம் பெரும்பாலும் நிஜ வாத்தியத்தைப் பதிவு பண்ணி உள்ள வெச்சது, கட்டையை அமுக்கினா அந்தப் பதிவு வெளிய வருது. நான் சொல்ற பழைய சிந்தசைசர்ல பதிவுன்னு எதுவுமே கிடையாது. உள்ள ஓடுற மின்சாரத்தையே நடுங்க வெச்சு அந்த நடுக்கத்தையே சத்தமாக்குறது. ஆசிலேட்டர்னு ஒரு பகுதி, அது ஒரு கரகரப்பான சத்தத்தை விடாம போட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் கரகரப்பு அப்படியே வந்தா காது வலிக்கும். அதுக்கு அடுத்தாப்ல ஃபில்டர்.

ஃபில்டர்னா என்னன்னு படம் போட்டெல்லாம் காட்ட முடியாது, ரேடியோ இது. ஆனா உங்க வாய் இருக்கு. வீட்ல யாரும் பாக்கலைன்னா இப்பவே செஞ்சு பாருங்க, ஒரே சுருதியில "ஊ"ன்னு ஆரம்பிச்சு, சுருதியை மாத்தாம மெதுவா "ஆ"வுக்குப் போய் அங்கேருந்து "ஈ"க்கு வாங்க. ஊஊ... ஆஆ... ஈஈ. தொண்டையில வர்ற சத்தம் மாறவே இல்ல, வாயோட வடிவம்தான் மாறுச்சு, அது சத்தத்துல சில பகுதியை அடக்கி சில பகுதியைத் தூக்கி விட்டுச்சு. சிந்தசைசர்ல ஃபில்டர் நாப்பைத் திருப்பினா நடக்கிறது அதேதான். அந்த நாப்பைத் திருப்புற சுகம் இருக்கே, அதைத் தெரிஞ்சுக்கிட்டவங்க அப்புறம் விடவே மாட்டாங்க.

சரி, கதைக்கு வரேன். 1964ல அமெரிக்காவுல பாப் மூக்னு ஒரு இன்ஜினியர் செஞ்ச சிந்தசைசர் ஒரு அலமாரி சைஸ்ல வயர் வயரா தொங்குற சாமான். நம்ம நாட்டுக்கும் அது சீக்கிரமே வந்துடுச்சு, 1969லயே அகமதாபாத்ல நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்ல ஒரு மூக் சிந்தசைசர் வெச்சு ஸ்டூடியோ போட்டாங்க, டேவிட் டியூடர்ங்கிற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து அமைச்சுக் கொடுத்தாரு. இது நிறைய பேருக்குத் தெரியாது, அதனால சொல்லிட்டுப் போறேன். 1970ல மினிமூக் வந்துச்சு, தூக்கிட்டுப் போற சைஸ், ஒரு நேரத்துல ஒரே ஒரு சுரம்தான். அருமையான சத்தம், ஆனா ஆன் பண்ணின உடனே வாசிக்க முடியாது, சூடேறி நிலைக்கு வரணும். மிருதங்கத்தை வெயில்ல இருந்து ஏசி ஹாலுக்குள்ள கொண்டுபோனா சுருதி நகருதுல்ல, அந்த மாதிரி இதுக்கும் அறையோட சூடு மாறினா சுருதி நகரும்.

அந்தத் தொல்லைக்கு ஜப்பான்ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ரோலண்ட் கம்பெனி 1982ல ஜூனோ 6, ஜூனோ 60னு ரெண்டு மாடல், அப்புறம் 1984ல ஜூனோ 106. அலை வடிவம் மின்சாரத்துல உருவாகுற பழைய முறையேதான், ஆனா ஒவ்வொரு அலையும் எப்ப ஆரம்பிக்கணும்கிறதை மட்டும் ஒரு டிஜிட்டல் கடிகாரம் சொல்லும். அதனால சுருதி நகராது. சில பேர் இதைக் கேட்டதும் "அப்ப இது அசல் அனலாக் இல்லையே, முழுக்க பழைய மின்சார முறை இல்லையே"ன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க. எனக்கு அந்தச் சண்டையே பிடிக்காது, கண்ணை மூடிக்கிட்டு கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு விட்டுருவேன்.

ஜூனோ 106 என்னோட மனசுக்கு ரொம்ப நெருக்கமான வாத்தியம், கொஞ்ச நேரம் இதுலயே நிக்கப்போறேன். 61 கட்டை, மேல வரிசையா ஸ்லைடர்கள், ஒரே நேரத்துல ஆறு சுரம். ஆறு சுரம்னா உள்ள ஆறு குரல், ஆறு பேர் கோரஸ் பாடுறதா வெச்சுக்கோங்க. ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏன்னு ஒரு சிப், ஃபில்டரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பகுதியும் அதுக்குள்ளதான் இருக்கு. அசல்ல அது சிப்பே இல்ல, பொடிப் பொடி பாகங்களை ஒட்டின ஒரு குட்டிப் பலகை, அது மேல பிசின் மாதிரி ஒரு பூச்சைக் கெட்டியா பூசி வெச்சிருக்காங்க. பாகங்களைப் பாதுகாக்கத்தான் பூசினாங்க, ஆனா வருஷம் போகப் போக அந்தப் பூச்சு வழியாவே மின்சாரம் கசிய ஆரம்பிச்சுடுச்சு. ஜூனோ 60ல அதே வேலையைச் செய்யுற சிப்புங்க தனித்தனியா பலகையில வெளிப்படையா இருக்கு, அதுக்கு இந்த நோய் கிடையாது. காப்பாத்தப் பூசினதே கழுத்தைப் பிடிச்சுடுச்சு, என்ன செய்ய.

இந்த நோய் எப்படித் தெரியும்னா, நல்லா வாசிச்சுக்கிட்டே இருப்பீங்க, அஞ்சு சுரம் சரியா வரும், ஆறாவது வராது. இல்லைன்னா படபடன்னு வெடிக்கிற சத்தத்தோட வரும். மறுபடி அஞ்சு சரியா, ஆறாவது ஊமை. ஏன்னா ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு குரலா முறை வெச்சு வருது. இதுல எது ஊமையாப் போன குரல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கீ டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவர் ஸ்விட்சைப் போட்டா டெஸ்ட் மோடுக்குப் போயிரும். அப்புறம் ஒவ்வொரு கட்டையா தட்டிக்கிட்டே வந்தா, அந்தச் சின்ன டிஸ்ப்ளேல 1, 2, 3ன்னு எந்தக் குரல் இப்பப் பாடுதோ அதோட நம்பர் தெரியும். 4ன்னு காட்டுது, சத்தம் வரலைன்னா, நாலாவது ஆள்தான் ஊமை. செஞ்சவங்களே யோசிச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க, பின்னாடி எவனோ ஒருத்தன் இதைத் திறந்து சரி பண்ணுவான்னு. சர்வீஸ் நோட்ஸ்னு ஒரு புத்தகமும் போட்டாங்க, முழு சர்க்யூட்டும் அதுல இருக்கு. இன்னைக்கு வர்ற எத்தனை சாமானுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடைக்குது, நீங்களே சொல்லுங்க.

இப்ப மருந்து. கெட்டுப்போன அந்த குட்டிப் பலகையை, அதை ஒட்டி வெச்சிருக்கிற சாலிடரை, அதாவது ஈயப் பத்தை, உருக்கி உறிஞ்சி எடுத்துட்டு மெதுவா கழட்டணும், அவசரப்பட்டா அடியில இருக்கிற செம்புக் கோடு பெயர்ந்து வந்துரும். கழட்டினதை ஒரு கண்ணாடி பாட்டில்ல அசிட்டோன் ஊத்தி அதுல போட்டு மூடி வைக்கணும். அசிட்டோன் வேற ஒண்ணும் இல்ல, நெயில் பாலிஷ் அழிக்கிறதுல வர்ற அதே வாசனைதான், ஆனா சுத்தமானது. ஒரு நாள், ரெண்டு நாள் ஊறினா அந்தக் கெட்டிப் பூச்சு தோல் மாதிரி உரிய ஆரம்பிக்கும். உரிச்சு எடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எடுப்பாங்க, ஏன்னா உள்ள இருக்கிற பாகம் ஒவ்வொண்ணும் அரிசியை விடச் சின்னது, பூச்சோட சேர்ந்து ஒண்ணு வந்துருச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் பிரஷ்ஷால தேய்ச்சு, காய வெச்சு, திரும்ப சாலிடர் பண்ணி, அந்தக் குரலுக்குன்னு இருக்கிற ட்ரிம் பாட்டை, அதாவது அளவைச் சரிசெய்யுற குட்டித் திருகை, சின்ன ஸ்க்ரூ டிரைவரால திருப்பித் திருப்பி மத்த அஞ்சு குரலோட ஒத்துப்போற மாதிரி வைக்கணும். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுச் செய்யணும், பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது, இதை அழுத்திச் சொல்றேன்.

நிறைய சிப் இப்படிப் பொழைச்சிருக்கு. பொழைக்காததும் உண்டு. அதுக்கும் ஆளுங்க வழி கண்டுபிடிச்சுட்டாங்க, அந்தப் பலகையில என்ன இருக்குன்னு அளந்து பாத்து, இப்ப கிடைக்கிற பாகங்களை வெச்சு அதே அளவுல அதே கால்களோட புது 80017ஏ செஞ்சு விக்கிறாங்க. பெரிய கம்பெனி இல்ல, வீட்டு மேஜையில உக்காந்து செய்யுற ஆளுங்க. யாரும் அவங்களைக் கேக்கல. திறந்து பாத்தாங்க, பாத்ததை மத்தவங்களுக்குச் சொன்னாங்க.

ஜூனோவைப் பத்தி இன்னும் ரெண்டு விஷயம் சொல்லாம நகர மாட்டேன். அதுல கோரஸ்னு ரெண்டு பட்டன், ஒண்ணு, ரெண்டு. ஒரு குரலுக்கு ஒரே ஒரு ஆசிலேட்டர்தான்கிறதால சத்தம் கொஞ்சம் ஒல்லியா இருக்கும், கோரஸ் பட்டனை அமுக்கினதும் அறை முழுக்க விரியும். எம்என்3009னு ஒரு சிப், அதுக்குள்ள 256 படி, ஒரு படியில இருக்கிற சத்தத்தை அடுத்த படிக்குக் கைமாத்தி கைமாத்தி கொஞ்சம் தாமதமாக்கி, அதை நேரா வர்ற சத்தத்தோட கலக்குறாங்க. இப்படிக் கைமாத்துறதுல லேசா ஒரு "ஸ்ஸ்"னு இரைச்சல் சேரும். அந்த இரைச்சலைக் குறைக்க மாடிஃபிகேஷன் பண்றவங்க இருக்காங்க, பண்ணவே கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் ரெண்டாவது கட்சி. அந்த "ஸ்ஸ்" இருந்தாதான் அது ஜூனோ.

இன்னொண்ணு, இது ரேடியோ நேயர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்களா ஸ்லைடரைத் தள்ளி ஒரு சத்தத்தைக் கண்டுபிடிச்சா அதை 128 இடத்துல ஒண்ணுல சேமிக்கலாம். அது அழியாம இருக்க உள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கு, அது தீர்ந்தா எல்லாம் போச்சு. அதனால சேமிச்சதை கேசட்ல ஏத்தி வைக்க வசதி குடுத்தாங்க. கேசட்டைப் போட்டுக் கேட்டா "கீஈஈ கிர்ர்ர்"னு கூச்சலா இருக்கும், ஆனா அந்தக் கூச்சலுக்குள்ளதான் அத்தனை சத்தத்தோட செய்முறையும் இருக்கு. இன்னைக்கும் பழைய கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தி அந்தக் கூச்சலையே ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிறாங்க. 80கள்ல நெதர்லாந்துல கம்ப்யூட்டர் புரோகிராமையே இப்படிக் கூச்சலாக்கி வானொலியில ஒலிபரப்பினாங்க, கேக்கிறவங்க வீட்ல கேசட்ல பதிவு பண்ணி கம்ப்யூட்டருக்குக் குடுத்தாங்க. எனக்கு ஒரு ஆசை உண்டு, இந்த நிலையத்துல இருந்தும் ஒரு ராத்திரி ஜூனோ கூச்சலை ஒலிபரப்பணும். இதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டுறாங்க, சரின்னா இல்ல வேண்டாம்னான்னு தெரியல.

நேரம் ஓடுது. டிபி 303ஐச் சொல்லியே ஆகணும். இதுவும் ரோலண்ட்தான், 80களோட ஆரம்பத்துல வந்துச்சு, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாத நேரத்துல கிட்டார்காரங்க கூட வெச்சுப் பழகிக்கட்டும்னு செஞ்ச குட்டி வெள்ளிப் பெட்டி. பேஸ் கிட்டார் மாதிரி சத்தமே வராது, புரோகிராம் பண்றதும் கஷ்டம், விக்கல, 1984க்குள்ள நிறுத்திட்டாங்க. அடிமாட்டு விலைக்கு செகண்ட் ஹேண்ட்ல வந்ததை சிகாகோவுல கையில காசில்லாத பசங்க வாங்கி, வாசிக்கும்போதே ஃபில்டர் நாப்பைத் திருகிக்கிட்டே இருந்தாங்க, "மியாவ் மியாவ்"னு அழுது கெஞ்சுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அதுலேருந்து ஆசிட் ஹவுஸ்னு ஒரு இசையே பிறந்துச்சு. ஆஸ்திரேலியாவுல ராபின் விட்டில்னு ஒருத்தர் அந்தப் பெட்டிக்குள்ள புது நாப், புது ஸ்விட்ச் எல்லாம் வெச்சு டெவில் ஃபிஷ்னு ஒரு மாற்றம் செஞ்சாரு, செஞ்சவங்க நினைச்சே பாக்காத சத்தமெல்லாம் அதுல வருது. பழசை அப்படியே வெச்சுக் கும்பிடணும்னு சொல்றவங்க கிட்ட நான் இதைத்தான் காட்டுவேன்.

யமஹா டிஎக்ஸ்7 பத்தி விரிவா பேச நினைச்சேன், முடியாது போல. 1983ல வந்தது, ஸ்டான்ஃபோர்டுல ஜான் சவ்னிங் கண்டுபிடிச்ச எஃப்எம் முறை, ஒரு அலையை வெச்சு இன்னொரு அலையை ஆட்டுறது. 80கள்ல உலகம் பூரா பாட்டுகள்ல கேட்டிருப்பீங்களே, கண்ணாடி மணி மாதிரி ஒரு பியானோ, அது. இன்னைக்கு அதை ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுல இலவச மென்பொருள் போட்டே வாசிச்சிரலாம், பழைய டிஎக்ஸ்7 சத்தங்களை அதுல அப்படியே ஏத்திக்கலாம்.

மிடியும் அதே 1983தான், ரோலண்டை ஆரம்பிச்ச காகேஹாஷியும் அமெரிக்காவுல சிந்தசைசர் செஞ்ச டேவ் ஸ்மித்தும் முன்ன நின்னு கொண்டு வந்தாங்க, ஒரு கம்பெனி வாத்தியம் இன்னொரு கம்பெனி வாத்தியத்தோட பேசுறதுக்கு, யாரும் ராயல்டி கேக்காத ஏற்பாடு. அன்னைக்கு வாங்கின ஜூனோ 106 இன்னைக்கு வாங்கின லேப்டாப்போட பேசுதுன்னா அதுக்குக் காரணம் இதுதான்.

கை காட்டிட்டாங்க, ரெண்டு நிமிஷம்கூட இல்ல. புதுசு பத்தி வேகமா சொல்லிடறேன். கோர்க்ங்கிற ஜப்பான் கம்பெனி 2010ல மோனோட்ரான்னு உள்ளங்கை சைஸ்ல ஒண்ணு விட்டாங்க, அதோட சர்க்யூட் படத்தையும் அவங்களே வெளியிட்டாங்க, ஆளாளுக்குத் திறந்து வயர் இழுத்து விளையாடினாங்க. ஜெர்மனியில டீட்டர் டோப்ஃபர் 90கள்ல ஆரம்பிச்ச யூரோராக், துண்டு துண்டா வாங்கி நீங்களே கோத்துக்கிறது, அதுக்கு இன்னொரு நாள் முழுசா வேணும். ஆரம்பிக்கிறவங்க பெரிய காசு போட வேண்டாம், கோர்க் வோல்கா மாதிரி சின்னது ஒண்ணு போதும், செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும்.

கடைசியா ஒரே ஒரு வேலை சொல்லிட்டுப் போறேன். உங்க வீட்டு பரண்ல பழைய கீபோர்டு கிடந்தா, ரிமோட்ல போடுற மாதிரி பேட்டரி போடுறதா இருந்தா, இன்னைக்கே அடிமூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துருங்க. கசிஞ்சு பச்சை படிஞ்சிருந்தா வினிகர்ல நனைச்ச காட்டன் பட்ஸால துடைச்சுட்டு, ஈரத்துணியால ஒரு தடவை ஒத்தி, நல்லா காயவிட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணிப் பாருங்க. கரண்ட்ல நேரா ஓடுறதா இருந்தா நீங்க திறக்காதீங்க, பிளக்கை எடுத்த பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ங்கிற பாகத்துல கரண்ட் நிக்கும், தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்க, குடுத்துட்டு அவர் திறக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க. நன்றி, வணக்கம்.