கொடி ரோஜாவைப் படுக்க வெச்சுக் கட்டுங்க: மேடம் ஆல்ஃபிரட் காரியேர் வளர்ப்பு

[காட்சி: இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் செங்கல் வீடு. கேமரா தரையிலிருந்து மெதுவாக மேலே போகிறது. ஆள் உயரம் வரை வெறும் தண்டு. பூவெல்லாம் கூரை ஓரத்தில்.]

கொடி ரோஜா வெச்சிருக்கிற நிறைய வீட்டுல இதைத்தான் பார்க்கலாம். மாடி ஜன்னலுக்கு மேல பூத்துக் குலுங்கும், ஆனா நம்ம கண்ணுக்கு நேரா இருக்கிறது மொட்டைக் குச்சி. சத்து பத்தலைன்னு இன்னும் ரெண்டு கை உரம் போடுவாங்க. செடி இன்னும் ரெண்டு அடி மேல போகும், அவ்வளவுதான்.

இங்க கோளாறு உரத்துல இல்ல, கட்டின விதத்துல. ரோஜாத் தண்டு நேரா நிக்கும்போது அதோட நுனியில ஆக்ஸின்னு ஒரு ஹார்மோன் உண்டாகி கீழ இறங்கும். கீழ இருக்கிற கணுக்களை முளைக்க விடாம அடக்கி வைக்கிறது அதுதான். அந்தத் தண்டைச் சாய்ச்சுப் படுக்கையா கட்டினா நுனியோட பிடி தளரும். தண்டு நெடுக ஒவ்வொரு கணுவும் முளைச்சு, பக்கக் கிளை விட்டு, அந்தக் கிளை நுனியில பூ வரும். கொடி ரோஜா வளர்க்கிறதுல முக்கால்வாசி வேலை இந்தச் சாய்ப்புதான்.

[காட்சி: வெள்ளைப் பூ, மிக அருகில். மொட்டில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு.]

இந்த வீடியோவுக்கு நாங்க எடுத்துக்கிட்ட பாரம்பரிய ரகம் மேடம் ஆல்ஃபிரட் காரியேர். பிரான்ஸ்ல லியோன் நகரத்துல ஜோசஃப் ஷ்வார்ட்ஸ் 1879-ல வெளியிட்டது. வெள்ளைப் பூ, நல்ல வாசம், முள் குறைவு, தண்டு இளசா இருக்கும்போது சொன்னபடி வளையும். இங்கிலாந்துல ஜூன்ல ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் விட்டு விட்டுப் பூக்கும். வெயில் அதிகம் விழாத வடக்குப் பார்த்த சுவர்லயும் தாக்குப் பிடிக்கும். பழைய ரகங்கள்ல இந்தக் குணம் அரிது. வடக்குச் சுவர்ல பூ கொஞ்சம் தாமதமா வரும், எண்ணிக்கையும் குறையும்.

பழைய ரோஜாவையும் நவீன ரோஜாவையும் பிரிக்க அமெரிக்க ரோஜா சங்கம் 1867-ஐ ஒரு கோடா வெச்சிருக்கு. அந்த வருஷம் லா ஃபிரான்ஸ்ங்கற ரோஜா வந்துச்சு. அதுக்கு முன்னாலேயே இருந்த குடும்பங்கள் எல்லாம் பழைய தோட்ட ரோஜா. அப்போ 1879-ல வந்தது எப்படிப் பாரம்பரிய ரகம் ஆகும்? கணக்கு செடிக்கு இல்ல, குடும்பத்துக்கு. இது நுவாசெட் குடும்பம். அமெரிக்காவுல சார்ல்ஸ்டன்ங்கற ஊர்ல ஜான் சாம்ப்னிஸ்னு ஒரு நெல் பண்ணைக்காரர். 19-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல அவர் தோட்டத்துல கஸ்தூரி ரோஜாவும் ஓல்ட் பிளஷ்ங்கற சீன ரோஜாவும் கலந்து ஒரு புதுச் செடி கிடைச்சுது. அதே ஊர் நாற்றங்கால்காரர் ஃபிலிப் நுவாசெட் அதிலிருந்து இன்னொரு செடி எடுத்து, பாரிஸ்ல இருந்த சகோதரர் லூயிக்கு அனுப்பினார். கஸ்தூரி ரோஜாகிட்ட இருந்து கொத்தும் வாசமும் வந்துச்சு. சீன ரோஜாகிட்ட இருந்து திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் வந்துச்சு.

இங்கிலாந்துல கென்ட் பகுதியில இருக்கிற சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தைப் பார்த்தவங்களுக்கு இந்த ரோஜா பழக்கமா இருக்கும். 1930-ல எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவங்க கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் அந்த இடத்தை வாங்கினப்போ, பத்திரம் முடியறதுக்கு முன்னாடியே அங்க இருக்கிற சவுத் காட்டேஜ்ங்கற சின்ன வீட்டுச் சுவர்ல நட்டது இதைத்தான். அதே தோட்டத்துல புதர் ரோஜாக்களைக்கூட, தரையில ஊன்றின ஹேசல் குச்சி வளையங்கள்ல வளைச்சுக் கட்டுவாங்க. அங்கேயும் காரணம் அதே ஹார்மோன்தான்.

[காட்சி: சுவரில் கம்பி கட்டும் வேலை.]

செடி வாங்கறதுக்கு முன்னாடி கம்பி கட்டிடுங்க. செடி வந்தப்புறம் ட்ரில் போட்டா தண்டு உடையும். இந்த ரகம் 5, 6 மீட்டர் உயரம் போகும், 3 மீட்டர் அகலம் கேட்கும். சுவர் குட்டையா இருந்தா பக்கவாட்டுல இன்னும் கூடுதலா இடம் கொடுக்கணும்.

துத்தநாகப் பூச்சு போட்ட 2 மில்லிமீட்டர் கம்பி எடுத்துக்கோங்க. தரையிலிருந்து 45 சென்டிமீட்டர்ல முதல் கம்பி, அதுக்கு மேல 30 முதல் 45 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. தலையில வளையம் உள்ள திருகாணியை 1.8 மீட்டருக்குள்ள ஒண்ணா அடிக்கணும். இடைவெளி கூடினா செடியோட பாரத்துல கம்பி தொங்கிடும். ஒரு முனையில டர்ன்பக்கிள் மாட்டினா பின்னால முறுக்கி இறுக்கிக்கலாம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவுல குறைஞ்சது 5 சென்டிமீட்டர் சந்து வேணும், காத்து ஓடறதுக்கு.

பழைய வீடா இருந்தா செங்கல் நடுவுல சுண்ணாம்புச் சாந்து இருக்கும். நகத்தால கீறினாலே உதிருதுன்னா அதுல ஆணி நிக்காது, செங்கல்ல ட்ரில் போட்டு பிளக் வையுங்க. சாந்து கெட்டியா இருந்தா சாந்துலேயே அடிக்கிறது நல்லது. நாளைக்குக் கழட்டினாலும் பூசி மூடிடலாம், செங்கல் பழுதாகாது.

[காட்சி: வாளித் தண்ணீரில் ஊறும் வெறும் வேர்ச் செடி.]

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், மண் இல்லாம வெறும் வேரோட செடி விற்பாங்க. தொட்டிச் செடியைவிட விலை குறைவு, வேரும் நேரா கண்ணுக்குத் தெரியும். வந்த உடனே வேர் முழுக்க முங்கற மாதிரி ரெண்டு மணி நேரம் தண்ணியில வையுங்க. தரை உறைஞ்சிருந்தாலோ சேறா இருந்தாலோ நட வேண்டாம். ஈர மண்ணுல ஓரமா புதைச்சு வெச்சுட்டு நாள் பார்த்து நடலாம்.

குழி சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். சுவர் மழையை மறைச்சுடும். ஊரே நனைஞ்சாலும் சுவரடி மண் புழுதியா கிடக்கும், அஸ்திவாரமும் ஈரத்தை இழுக்கும். கொடி ரோஜாவுக்கு வர்ற சில நோய்கள் இந்த வறட்சியில தொடங்குது.

குழி 60 சென்டிமீட்டர் அகலம், மண்வெட்டி அலகு முழுசா இறங்கற ஆழம். அடி மண்ணை முள்கரண்டியால கிளறி, மக்கின தொழு உரம் ஒரு வாளி கலந்துடுங்க. மைக்கோரைசா தூள் (வேரோட கூட்டு வாழற பூஞ்சை) போடறதா இருந்தா நேரா வேர் மேல தூவணும், மண்ணுல தூவினா வீண். ஒட்டுக் கட்டின முடிச்சு, அதாவது ரகமும் வேர்ச்செடியும் சேர்ற இடம், மண் மட்டத்துக்கு வரணும். வேரைச் சுவருக்கு எதிர்ப்பக்கமா விரிச்சு, தண்டைச் சுவர் பக்கமாச் சாய்ச்சு, மண்ணைப் போட்டு மெதுவா மிதிச்சு, 10 லிட்டர் தண்ணி.

முன்னாடி ரோஜா இருந்த அதே குழியில வைக்காதீங்க. பழைய மண்ணுல தங்கியிருக்கிற நுண்ணுயிர்கள் புது வேரைத் தேற விடாது. வேற இடமே இல்லேன்னா 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு, 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை அள்ளி வெளிய கொட்டிட்டு, ரோஜா பார்க்காத வேற மண்ணைப் போடுங்க.

முதல் ரெண்டு கோடையில மழை இல்லாத வாரத்துக்குக் குறைஞ்சது 10 லிட்டர், ஒரே தடவையில, அடியில ஊத்தணும். தினமும் கொஞ்சம் தெளிச்சா வேர் மேலேயே சுத்தும். மார்ச்ல ரோஜா உரம் ஒரு தடவை, ஜூன் பூ முடிஞ்சதும் ஒரு தடவை. ஆகஸ்ட்ல உரம் கூடாது. அதுக்கப்புறம் வர்ற இளந்தளிர் முத்தறதுக்குள்ள உறைபனி வந்து கருக்கிடும்.

[காட்சி: இலை உதிர்ந்த செடி. கை ஒரு நீளத் தண்டைப் பிடிக்கிறது. மிக அருகில்.]

இப்போ சாய்க்கிற வேலை. இலை கொட்டினதுக்கப்புறம், உறைபனி இல்லாத ஒரு நாளாப் பாருங்க. கடும் குளிர்ல தண்டு மடக்குன்னு ஒடியும்.

இந்தத் தண்டு சுண்டுவிரல் தடிமன், அந்த வருஷம் விட்டது, இன்னும் பச்சை. இடது கை தண்டோட அடியைப் பிடிச்சுக்கணும், வலது கை அதுக்கு மேல ஒரு முழம் தள்ளி. நுனியைப் பிடிச்சு இழுக்காதீங்க. அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா வளைச்சுக்கிட்டே போனா, தண்டு ஒரு இடத்துல விறைக்கறது இடது கைக்குத் தெரியும். அங்க நிறுத்திடுங்க. நெறுநெறுன்னு சின்னச் சத்தம் கேட்டா அதுக்கு மேல ஒரு விரற்கடைகூட வேண்டாம். அதே கோணத்துல கட்டிட்டு, மூணு நாலு வாரம் கழிச்சு வந்து இன்னும் இறக்கலாம்.

[காட்சி: சணல் முடிச்சு. கம்பி, தண்டு, நடுவில் குறுக்காகப் போகும் கயிறு.]

கட்டறதுக்குச் சணல் கயிறு போதும். கம்பியைச் சுத்தி, நடுவுல ஒரு குறுக்கு, அப்புறம் தண்டைச் சுத்தி. எட்டுப் போட்ட மாதிரி. தண்டுக்கும் கயிறுக்கும் நடுவுல ஒரு விரல் போகணும். தண்டு எப்பவும் கம்பிக்கு முன்னால. பின்னால சொருகினா கயிறு மிச்சம்னு தோணும். மூணு வருஷத்துல தண்டு தடிச்சுக் கம்பி உள்ள பதிஞ்சுடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

ரெண்டு பக்கமும் விசிறியா விரியுங்க. அடித்தண்டு ரெண்டும் கிட்டத்தட்டப் படுக்கையா முதல் கம்பியில, மத்தது ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண் இடைவெளியில மேல மேல. வில்லு மாதிரி நடுவுல தூக்கி வளைக்காதீங்க. வளைவோட உச்சியில இருக்கிற ஒரே கணு எல்லாப் பலத்தையும் எடுத்துக்கிட்டு நேரா வானத்துக்குக் கிளம்பிடும்.

முதல் வருஷம் பூ ரொம்பச் சொற்பமா இருக்கும். மூணாவது வருஷம்தான் சுவர் நிறையும். அந்தப் பொறுமை இல்லாம முதல் ரெண்டு வருஷம் கவாத்துப் பண்றவங்க செடியோட அடிப்படைச் சட்டகத்தையே வெட்டி எறியறாங்க. அப்போ கட்டறது மட்டும்தான் வேலை.

[காட்சி: கவாத்துக் கத்தரி, பக்கக் கிளை.]

மூணாவது குளிர்காலத்துல இருந்து, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள்ள கவாத்து. காஞ்சது, நோய்ப்பட்டது, ஒண்ணோட ஒண்ணு உரசறது முதல்ல போகட்டும். பூத்து முடிஞ்ச பக்கக் கிளைகளை ரெண்டு மூணு கணு விட்டு வெட்டிடுங்க. அடியில ரொம்பக் கிழடான தண்டு ஒண்ணை மட்டும் தரையோட அறுத்து எடுத்தா அந்த இடத்துல புதுத் தண்டு வரும். அதைச் சாய்ச்சுக் கட்டி இடத்தை நிரப்புங்க. கோடையில வாடின கொத்தை உடனுக்குடன் கிள்ளணும், இல்லேன்னா அடுத்த பூ தள்ளிப்போகும்.

ஆல்பர்ட்டைன் மாதிரி வருஷத்துக்கு ஒரே தடவை பூக்கிற படர் ரோஜாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது போன வருஷத் தண்டுல பூக்கும், அதனால பூ முடிஞ்ச கையோட கவாத்து. குளிர்காலத்துல வெட்டினா ஜூன்ல வர வேண்டிய பூவை வெட்டினதா அர்த்தம்.

[காட்சி: கரும்புள்ளி விழுந்த இலை.]

நோய்ல முதல்ல கரும்புள்ளி. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் ஈரமா இருந்தா பூஞ்சை உள்ள புகுந்துடும். இலை மேல தண்ணி தெளிக்காதீங்க, சாயங்காலம் தெளிக்கவே கூடாது. விழுந்த இலையை அள்ளிக் குப்பையில போடுங்க, உரக்குழியில வேண்டாம். பிப்ரவரியில தரை மேல 5 சென்டிமீட்டர் மூடாக்குப் போட்டா மிச்சம் மீதி வித்துத்தூள் மழையில தெறிச்சு மேல ஏறாது. மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது.

சாம்பல் நோய் இதுக்கு நேர் எதிர். வேர்ல வறட்சி, மேல காத்தோட்டம் இல்லை, அப்போ தளிர்ல வெள்ளைப் பொடி பூக்கும். அடியில தண்ணி ஊத்தறதுதான் மருந்து. முள்ளே இல்லைன்னு ஸெஃபிரின் ட்ரூவான் ரகத்தை ஆசையா வாங்கித் தெற்குச் சுவர்ல வைக்கிறாங்க. 1868-ல வந்த அழகான ரோஜா, ஆனா இந்த ரெண்டு நோய்க்கும் சீக்கிரம் ஆளாகும். காத்து ரெண்டு பக்கமும் ஓடற தோட்ட வளைவுல (ஆர்ச்) வெச்சா தப்பிக்கும், சூடான சுவர்ல வேண்டாம்.

அசுவினியைக் கண்டதும் மருந்தடிக்க வேண்டாம். விரலால நசுக்கி விடுங்க, மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கும்.

ஒட்டுக்குக் கீழ இருந்து வேர்ச்செடியோட காட்டுத் தளிர் வந்தா, மண்ணைத் தோண்டிப் பிறந்த இடத்தைக் கண்டுபிடிச்சு அங்கிருந்தே பிய்ச்செடுங்க. மேலாக வெட்டினா ஒண்ணுக்கு நாலா வரும். ஏழு இலை இருந்தா காட்டுத் தளிர்னு சொல்றதை நம்பாதீங்க, பழைய ரோஜாவுலயும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புதுன்னு பார்க்கிறதுதான் நிச்சயமான வழி.

[காட்சி: ரோஜாவின் காலடியில் நெபீட்டா, ஆல்கெமில்லா, நரிக்கையுறைப் பூ.]

காட்டேஜ் தோட்டத்துல, அதாவது கிராமத்து வீட்டுப் பாணித் தோட்டத்துல, ரோஜா தனியா நிக்காது. ஆனா முதல் ரெண்டு வருஷம் காலடியில 60 சென்டிமீட்டருக்கு எதையும் நெருக்காதீங்க. அப்புறம் வெயில் சுவரா இருந்தா நெபீட்டா, நிழல் சுவரா இருந்தா ஆல்கெமில்லாவும் நரிக்கையுறைப் பூவும். லாவெண்டருக்கு வடக்குச் சுவர் ஆகவே ஆகாது. கூடவே ஏத்தி விடறதுக்குக் கிளெமேட்டிஸ் எட்வால் வியலெட் ரொம்பப் பொருத்தம். பிப்ரவரியில அதைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர்ல மொத்தமா வெட்டிடறதால ரோஜாக் கவாத்துக்குக் குறுக்க வராது.

ஊட்டி, கொடைக்கானல்ல இருந்து பார்க்கிறவங்க இந்த மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்க வேண்டாம், அங்க இங்கிலாந்து மாதிரி நீண்ட குளிர்கால ஓய்வு கிடையாது. சாய்ச்சுக் கட்டற முறை அங்கேயும் அதேதான்.

[காட்சி: பென்சில் தடிமன் குச்சிகள், வரிசையாக மண்ணில்.]

இந்த ரகத்தைப் பெருக்க ஒட்டுக் கட்டத் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பர்ல அந்த வருஷத் தண்டுல பென்சில் தடிமன், 25 சென்டிமீட்டர் நீளம். அடியில கணுவுக்குக் கீழ நேரா வெட்டு, மேல கணுவுக்கு மேல சாய்வு வெட்டு. தலைகீழா நடாம இருக்க இது அடையாளம். மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகணும், அடியில கொஞ்சம் மணல். வசந்தத்துல தளிர்க்கும். தளிர் வந்ததைப் பார்த்துப் பிடுங்கிடாதீங்க, வேர் அதுக்குப் பின்னாலதான் வரும். ஒரு வருஷம் முழுசா விட்டு, அடுத்த இலையுதிர்ல இடம் மாத்துங்க. இப்படி வளர்ந்த செடிக்கு ஒட்டு கிடையாது. அதனால மண்ணுக்குள்ள இருந்து எந்தத் தளிர் வந்தாலும் அது ரோஜாதான், பிய்க்காம சாய்ச்சுக் கட்டுங்க.