விவசாயப் படத்தில் வயலில் நிற்பது யார்?

வணக்கம் மக்களே. ‘கடைசி விவசாயி’ படத்தைப் பற்றிப் போன வீடியோவில் பேசினேன் இல்லையா, அதற்கு நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள்: விவசாயத்தைக் காட்டுகிற படத்தில் போய் சாதி, ஆண், பெண் என்று ஏன் தேடுகிறீர்கள்? சரி, பேசிவிடலாம்.

எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மாயாண்டியாக வந்த நல்லாண்டி ஐயா நிஜத்திலும் விவசாயி. 2022-இல் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார், தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த மனிதர் மேல் மயிலைக் கொன்றதாக வழக்குப் போட்டு உள்ளே தள்ளுகிறார்கள், அவருக்கோ பயிருக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்கிற ஒரே கவலை. பயிற்சி எடுத்த நடிகருக்கு அந்த முகம் வராது.

ஆனால் மாயாண்டிக்கு நிலம் இருக்கிறது. நம் விவசாயப் படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நிலம் வைத்திருக்கிற ஒரு ஆண், அதைப் பிடுங்க வரும் கம்பெனி, கடைசியில் கேமராவைப் பார்த்து நீளமாக ஒரு வசனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள், தமிழ்நாட்டில் குத்தகைக்காரர்களையும் சேர்த்துப் பயிரிடுகிறவர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல்! அவ்வளவு பேரும் படத்தில் எங்கே வருகிறார்கள் என்றால், பாட்டில். வரிசையாகக் குனிந்து நாற்று நடுவார்கள், ஹீரோ வரப்பில் நடந்து போவார், அவ்வளவுதான், ஒருத்தருக்கும் பெயர் இருக்காது.

சாதி எதற்கு என்றால், யாருக்குப் பட்டா, யாருக்குக் கூலி என்பதைத் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்ததே அதுதானே. 1968-இல் அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்களே, அதற்குப் பின்னால் இருந்தது கூலி உயர்வுப் போராட்டம். அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பச்சையை மட்டும் ட்ரோனில் எடுத்தால் அது சுற்றுலாத் துறை விளம்பரம்.

வேறு மாதிரியும் எடுத்திருக்கிறார்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ ரங்கசாமி மலைமேல் மூட்டை தூக்குகிறவர், ஒரு துண்டு நிலம் வாங்குவதுதான் வாழ்நாள் கனவு, கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரர் ஆகிறார். ‘வாழை’ படத்தில் வாழைத்தார் ஒன்றைச் சுமக்க ஒரு ரூபாய் கூலி, அதை இரண்டாக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு பெரிய சண்டை! அதில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனோடு அவன் அம்மாவும் அக்காவும்கூடச் சுமக்கிறார்கள், அவனுக்குக் கழுத்து வலிப்பது நமக்குத் தெரிகிறது.

இருந்தாலும் இவற்றிலும் கதை ஆண் பக்கமாகவோ பையன் பக்கமாகவோதான் நகர்கிறது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை, கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்கப் பெண்கள் கையில் இருக்கும் பண்ணைகள் சுமார் 14 சதவீதம். சினிமாவிலோ அந்தப் பெண் மதியச் சோற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வருவார், கணவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். (அந்தத் தூக்குவாளியை ஆர்ட் டிபார்ட்மென்டில் நிரந்தரமாகவே வைத்திருப்பார்கள் போல.)

நடவுக்கு ஆள் கூட்டிப் போகிற ஒரு அம்மாவைக் கதாநாயகியாக வைத்துப் பாருங்கள். எந்த வயலுக்கு எத்தனை பேர், கூலி எவ்வளவு, யார் பாக்கி வைத்திருக்கிறார் என்று எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். இப்போது டெல்டாவில் மேற்கு வங்கத்து ஆட்கள் குழுவாக வந்து நாற்று நடுகிறார்கள். அந்த அம்மாவின் வேலை போகிறது, வந்தவர்களும் பாவம், பிழைக்க வந்தவர்கள்தான். இதில் வில்லன் யார் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது, அதனாலேயே நல்ல படமாக வரும் என்று நினைக்கிறேன். இந்த மாதிரிப் படம் ஏற்கெனவே இருந்தால் கமென்டில் பெயரைப் போடுங்கள், குறும்படமாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.