ஒரு செகண்ட் பாக்கி இருந்துச்சு

வணக்கம் நேயர்களே. பேச கூப்பிட்ட நிலையத்துக்கு நன்றி. ஃபுட்பால்னு சொன்னதும் மெஸ்ஸி, ரொனால்டோன்னு நினைச்சிடாதீங்க, நான் சொல்லப்போறது அமெரிக்காக்காரங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை மாதிரி இருக்கிற பந்தை கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஆட்டம். அதுலயும் காலேஜ் ஆட்டம். அலபாமா மாநிலத்துல ஆபர்ன்னு ஒரு சின்ன ஊரு, அந்த ஊர் யுனிவர்சிட்டி டீம் 2013ல ஆடுன சீசன் பத்தித்தான் பேசப்போறேன்.

அங்க காலேஜ் டீம்லாம் கூட்டு சேர்ந்து கான்ஃபரன்ஸ்னு வெச்சிருக்காங்க. ஆபர்ன் இருக்கிறது சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமா எஸ்.இ.சி. அப்போ அதுல 14 டீம், கிழக்குல ஏழு மேற்குல ஏழு, ஒவ்வொரு டீமுக்கும் கான்ஃபரன்ஸுக்குள்ள 8 மேட்ச், ரெண்டு பக்கமும் முதல்ல வர்றவங்க அட்லாண்டாவுல மோதுவாங்க. 2006லேர்ந்து 2012 வரைக்கும் ஏழு வருஷம் விடாம தேசிய சாம்பியன் இந்த ஒரே கான்ஃபரன்ஸ்லேர்ந்துதான் வந்துச்சு, அந்தளவுக்கு முரட்டு கூட்டம்.

அந்த கூட்டத்துல 2012ல ஆபர்ன் எட்டுக்கு எட்டும் தோத்துச்சு. கடைசி மேட்ச்ல பரம எதிரி, அதே மாநிலத்து அலபாமா யுனிவர்சிட்டி டீம், 49-0ன்னு அடிச்சு அனுப்புனாங்க. ரெண்டு வருஷம் முன்னாடிதான் தேசிய சாம்பியன் ஆக்குன கோச் ஜீன் சிசிக், அவரையே தூக்கிட்டாங்க. அவருக்குக் கீழ வேலை பாத்த கஸ் மல்சான் புது கோச்சா வந்தார். கையில இருந்தது பெரும்பாலும் அதே பசங்க. புதுசா வந்தவன் நிக் மார்ஷல், ஜார்ஜியா டீம் வெளியே அனுப்பிட்ட பையன், டிஃபென்ஸ்ல ஆடுனவன், கான்சாஸ்ல ஒரு ஜூனியர் காலேஜ்ல குவார்ட்டர்பேக்கா, அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவனா, மாறி இங்க வந்து சேர்ந்தான்.

செப்டம்பர்ல எல்.எஸ்.யு, அதாவது லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, கிட்ட 35-21 தோல்வி. அதுக்கப்புறம் அந்த கான்ஃபரன்ஸ்ல யாருகிட்டயும் தோக்கல.

நவம்பர் 16, எதிர்ல ஜார்ஜியா, மார்ஷலை அனுப்புன அதே டீம். ஆபர்ன் 37-17ன்னு முன்னாடி இருந்துட்டு மொத்தத்தையும் கோட்டை விட்டு 38-37ன்னு பின்னாடி போயிடுச்சு. கடைசி வாய்ப்பு, பந்தை கையில வெச்சிருக்கணும்னா இன்னும் 18 கெஜம் முன்னேறணும். மார்ஷல் தூக்கி எறிஞ்ச பந்துக்கு ஜார்ஜியா பசங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எகிறுனாங்க, ஒருத்தன் விட்டிருந்தா இன்னொருத்தன் புடிச்சிருப்பான், ரெண்டு பேரும் போனதால அது தட்டுப்பட்டு மேல எழும்பி முன்னாடி ஓடிக்கிட்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் தோள் மேல போய் விழுந்துச்சு. 73 கெஜம், பந்தோட கடைசி கோட்டை தாண்டிட்டான், அதான் டச்டவுன், ஆறு பாயிண்ட், பாக்கி 25 செகண்ட்.

ரெண்டு வாரம் கழிச்சு நவம்பர் 30, அலபாமா. நாட்டுலயே நம்பர் 1, ஒரு தோல்வி கூட இல்ல. 28-28ல சமமா நிக்கும்போது கடிகாரம் பூஜ்யம் ஆயிடுச்சு, ஓவர்டைம்னு எல்லாரும் நினைச்சாங்க. அலபாமா கோச் நிக் சேபன் விடல, ஒரு செகண்ட் பாக்கி இருக்குன்னு சண்டை போட்டு வாங்கிட்டார். அவங்க வழக்கமான கிக்கர் கேட் ஃபாஸ்டர் அன்னிக்கு ஏற்கனவே சொதப்பியிருந்ததால ஆடம் கிரிஃபித்னு ஒரு முதல் வருஷ பையனை 57 கெஜம் தூரத்துலேர்ந்து கோல் கம்பத்துக்கு நடுவுல போற மாதிரி உதைக்கச் சொன்னாங்க, போனா மூணு பாயிண்ட், ஜெயிச்சிடலாம்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். உதைச்ச பந்து குறைவா விழுந்தா ஆட்டம் முடியல, எதிராளி புடிச்சுக்கிட்டு ஓடலாம். உதைக்கிற நேரத்துல அலபாமா பக்கம் நிக்கிறவங்க பெரும்பாலும் முந்நூறு பவுண்டு ஆளுங்க, வழி மறைக்கத்தான் லாயக்கு, துரத்த முடியாது. மல்சான் டைம் அவுட் கேட்டார், கோல் கம்பத்துக்குக் கீழ கிறிஸ் டேவிஸை கொண்டுபோய் நிறுத்துனார். முந்தின வருஷம் எட்டு தோல்வியும் பாத்த பையன் அவன்.

பந்து குறைவாத்தான் வந்துச்சு. டேவிஸ் மைதானத்தோட கடைசி கோட்டுகிட்ட புடிச்சு, இடது ஓரமா திரும்பி, கோட்டுக்கு வெளிய கால் படாம ஒட்டி ஒட்டி ஓடுனான். அளந்தா 109 கெஜம். 34-28.

நானும் வானொலியில பேசிக்கிட்டிருக்கேன், அதனால இதை சொல்லியே ஆகணும். ஆபர்னோட வானொலி வர்ணனையாளர் ராட் பிராம்ப்லெட் அன்னிக்கு பேசுன ரெக்கார்டிங்கை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கில்ல. டேவிஸ் பந்தை புடிக்கும்போது சாதாரணமாத்தான் ஆரம்பிப்பார், நடு மைதானம் தாண்டும்போது குரல் ஏறும், அப்புறம் ஆபர்ன் ஜெயிக்கப்போகுது ஆபர்ன் ஜெயிக்கப்போகுதுன்னு தொண்டை கிழிய கத்துவார். படம் இல்லாமலே அந்த ஓட்டம் கண்ணுல தெரியும். 2019ல அவரும் அவர் மனைவியும் கார் விபத்துல போயிட்டாங்க.

கேட் ஃபாஸ்டர் பத்தியும் சொல்லணும். அந்த தோல்விக்கு அந்த பையனுக்கு கொலை மிரட்டல் வந்துச்சு, காலேஜ் பையனுக்கு இப்படியா, எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல. 43வது ஜனாதிபதியா இருந்த ஜார்ஜ் டபிள்யூ புஷ், ஃபாஸ்டரோட ஜெர்சி நம்பரும் 43 தான், தன் கையால ஆறுதலா ஒரு கடிதம் எழுதி அனுப்புனார்.

அட்லாண்டாவுல மிசூரியை 59-42ன்னு ஜெயிச்சாங்க, ட்ரே மேசன் தனியாளா 46 தடவை பந்தை தூக்கிக்கிட்டு 304 கெஜம் ஓடுனான். எட்டும் தோத்த டீம் மறு வருஷமே கான்ஃபரன்ஸ் சாம்பியன்.

2014 ஜனவரி 6, கலிஃபோர்னியா, பசடீனா. தேசிய ஃபைனல்ல ஃப்ளோரிடா ஸ்டேட். ஆபர்ன் 21-3ன்னு முன்னாடி இருந்துச்சு, எதிராளி விடாம வந்தாங்க. கடைசியில ஜேமிஸ் வின்ஸ்டன் போட்ட பந்தை கெல்வின் பெஞ்சமின் எல்லார் தலைக்கும் மேல எகிறி புடிச்சான். 34-31. கடிகாரத்துல அப்போ 13 செகண்ட் பாக்கி இருந்துச்சு, இந்த தடவை அது ஆபர்னுக்கு பத்தல.