விழுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலம்

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோரே,

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் சோதனையைப் பற்றிப் பேசச் சொன்னால் ஏவாளின் கனியில் தொடங்குவதுதான் வழக்கம். நான் தாவீதின் உப்பரிகையில் தொடங்குகிறேன். 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம். தாவீது ராஜா தன் தளபதி யோவாபை அனுப்பிவிட்டு எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையைவிட்டு எழுந்து உப்பரிகையின்மேல் உலாவுகிறான். உரியாவின் மனைவி பத்சேபாள் அவன் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான்.

அதற்கு முன்னமே என்னென்ன நடந்துவிட்டது என்று பாருங்கள். செய்ய வேண்டிய வேலையை விட்டாயிற்று. கூட நிற்கும் தோழர்கள் எல்லாரும் போர்முனையில். பகலில் படுத்துக் கிடந்த உடம்பு. தனிமை. இத்தனையும் கூடி வந்த பிறகுதான் கண் அங்கே போகிறது. நாங்களோ கண் போன இடத்திலிருந்து பாவத்தை எண்ணத் தொடங்குகிறோம். அதனால்தான் எங்கள் ஜெபமும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த வேளையில் கூப்பிட்டாலும் ஆண்டவர் கேட்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னமே கூப்பிட்டிருக்கலாம்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். யாக்கோபு 1ஆம் அதிகாரம் 14, 15ஆம் வசனங்கள் ஒரு வரிசையைச் சொல்கின்றன. இச்சையால் இழுக்கப்படுகிறான், சிக்குண்டு போகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பிறகே பாவத்தைப் பிறப்பிக்கிறது. இழுக்கப்படுவதே பாவம் என்று நினைத்துக்கொண்டு, கெட்ட எண்ணம் ஒன்று மனதில் வந்த உடனேயே ‘நான் கெட்டவன், இனி என்ன’ என்று கையை விடுகிற இளைஞர்கள் எத்தனையோ பேர். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதைத் தெளிவாகச் சொன்னார்: எண்ணங்கள் வருவதும் வராததும் எங்கள் கையில் இல்லை, வந்தது தங்குமா தங்காதா என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலேயே சொல்லிக் கொடுங்கள். எத்தனையோ வீண் குற்ற உணர்ச்சி குறையும்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு சிறிய கொப்பி எடுங்கள், 40 பக்கம் போதும். இரண்டு கிழமைக்கு, விழுந்த ஒவ்வொரு முறையும், விழப் பார்த்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் மட்டும் குறியுங்கள்: நேரம், இடம், கூட யார், அதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் என்ன நடந்தது. உதாரணத்துக்கு ஒரு வரி இப்படி இருக்கும்: ‘செவ்வாய், இரவு 10.40, அறை, தனிய. கடையில் முதலாளி ஏசினவர். இரவுச் சாப்பாடு இல்லை. 9 மணி தொடக்கம் ஃபோன்.’ இன்னொரு வரி: ‘வெள்ளி, பின்னேரம் 6 மணி, சந்தி, பழைய கூட்டாளிகள். சம்பளம் எடுத்த நாள்.’

இரண்டு கிழமை முடிய வாசித்துப் பாருங்கள். பத்து வரியில் ஏழு வரி ஒன்றுபோல இருக்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நாலில் ஒன்றாவது அநேகமாக அங்கே நிற்கும். மதுவை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிற பட்டியல் இது. வேதமும் இதைச் சொல்லாமல் விடவில்லை. நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின் இயேசுவுக்குப் பசியுண்டாயிற்று என்று எழுதிவிட்டுத்தான், சோதனைக்காரன் வந்தான் என்று மத்தேயு எழுதுகிறார்.

இந்தக் கொப்பி இரண்டு விதமாகப் பழுதாகும். பாவத்தை மட்டும் எழுதி, முந்தி நடந்ததை விட்டுவிடுவது ஒன்று. அப்படி எழுதினால் அது வெட்கத்தின் பட்டியலாகி, நாலாம் நாள் கிழித்தெறியப்படும். மற்றது, யாராவது எடுத்து வாசித்துவிடுவார்களோ என்ற பயம். அதற்குச் சொற்களே வேண்டாம், புள்ளி போதும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே அந்த முறையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறையை எடுக்க வேண்டும். காலை எழும்பும்போது தீர்மானம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கணக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு கணக்கு. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு, விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி. விழுந்த அந்தக் கணத்திலேயே கையை நெஞ்சில் வைத்து வருத்தப்பட வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காமல். பிறகு நேற்றையோடு இன்றையும், போன கிழமையோடு இந்தக் கிழமையும் ஒப்பிட வேண்டும். புரட்டஸ்தாந்தியர் இது எங்களுடையதல்ல என்று ஒதுக்கத் தேவையில்லை. நல்ல கணக்குக்கு எந்தச் சபை என்ற பேதம் இல்லை.

நேரம் தெரிந்துவிட்டால் பாதி வேலை கைகளால் செய்கிற வேலை. ஃபோனில் விழுகிறவர் இரவு 9.30க்கு அதை விறாந்தையில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குள் போகட்டும். ‘அலாரத்துக்குத் தேவை’ என்று மனம் உடனே வழக்காடும். ஒரு மணிக்கூடு வாங்குங்கள். தவறணையடியால் வீட்டுக்குப் போகிறவர் மற்ற ஒழுங்கையால் போகட்டும், பத்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. சூதாட்டச் செயலிகளில் காசு விடுகிறவர் சம்பள நாளன்றே வங்கி அட்டையை மனைவியிடமோ தாயிடமோ கொடுக்கட்டும். ரோமர் 13:14 சொல்வது இதைத்தான்: துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருங்கள். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில், பின்னாளில் ஆயரான அகுஸ்தீனுக்குப் புத்தகத்தைத் திறந்ததும் கண்ணில் பட்ட பகுதியும் இதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டுகிறவர்களை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பேன். கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது, ஃபோனை உடைத்து, மறுநாள் 4 மணிக்கு எழும்பி இரண்டு மணித்தியாலம் ஜெபிப்பதாகப் பொருத்தனை செய்கிற பொடியன், மூன்றாம் கிழமை ஆலயத்துக்கே வரமாட்டான். ஒன்றை மாற்றுங்கள். அது பழகிய பிறகு அடுத்தது.

மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இன்னொரு விஷயம் கிடக்கிறது. இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை: 8:3, 6:16, 6:13. மூன்று அதிகாரத்துக்குள் மூன்றும். அவர் அந்த இடத்தில் தேடவில்லை; இஸ்ரவேல் வனாந்தரத்தில் தோற்ற கதை எழுதியிருக்கும் பகுதி அவர் மனதில் ஏற்கெனவே இருந்தது. எவாக்ரியுஸும் மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சொல்லவேண்டிய வசனங்களைத் தனித்தனியாகத் தொகுத்து வைத்தார்.

உங்களுக்கு அத்தனை வேண்டாம். உங்கள் சோதனைக்கு ஒரு வசனம் போதும். கோபக்காரருக்கு யாக்கோபு 1:20, ‘மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே.’ கண்ணால் விழுகிறவருக்கு யோபு 31:1, ‘என் கண்களோடே உடன்படிக்கைபண்ணினேன்.’ வெளிநாட்டுக் காசில் மாடி எழும்பும் அயல்வீட்டைப் பார்த்துப் புழுங்குகிறவருக்கு எபிரெயர் 13:5, ‘உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்.’ காலையில், மனம் அமைதியாக இருக்கும்போது, மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சோதனை நேரத்தில் பழகத் தொடங்கினால் வராது. தன்னைத்தானே திட்டுகிற வசனத்தைத் தெரிந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது உதவாது; தேவன் என்ன செய்வார் என்று சொல்லும் வசனத்தை எடுங்கள்.

அடுத்தது, எங்கே ஓடுவது, எங்கே நிற்பது. வேதம் இரண்டையும் சொல்கிறது. வேசித்தனத்துக்கு விலகியோடு, 1 கொரிந்தியர் 6:18. பண ஆசையை விட்டு ஓடு, 1 தீமோத்தேயு 6:10, 11. பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடு, 2 தீமோத்தேயு 2:22. எஜமானின் மனைவி பிடித்திழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தையே விட்டுவிட்டு ஓடினான். ஆனால் பிசாசுக்கு எதிர்த்து நில் என்று யாக்கோபு 4:7 சொல்கிறது. ‘தேவன் உன்னைக் கைவிட்டார், நீ எதற்கும் உதவாதவன்’ என்ற குரல் வரும்போது அசையாமல் நிற்க வேண்டும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இச்சையோடு நின்று வாதாடுகிறோம், ‘ஒரு தரம் பார்த்தால் என்ன’ என்று. காணிப் பிரச்சினையில் கதையை நிறுத்திய அண்ணனோடு நேரே இருந்து பேசவேண்டிய இடத்தில் ஓடிவிடுகிறோம்.

ஓடுவதென்றால் உண்மையாகவே எழும்பி நடப்பது. படுக்கையை விட்டு எழும்புங்கள், வெளிச்சத்துக்கு வாருங்கள், முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், வசனத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஒருவருக்குக் கோல் எடுங்கள். உந்துதல் ஏறி உச்சிக்குப் போய் இறங்கும் தன்மையுள்ளது. பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். இடம் கொடுக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்பதால்தான் பலர் ஐந்தாம் நிமிடத்தில் இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த ஒருவர் யார்? இங்கேதான் யாழ்ப்பாணத்தில் எல்லாம் முட்டுப்படுகிறது. ‘சனம் என்ன சொல்லும்’ என்ற ஒரு வசனம் எங்களை வேதவசனத்தைவிட அதிகமாக ஆளுகிறது. அது முழுக்க வீண் பயமும் அல்ல. ஒருவர் கண்ணீரோடு சொன்னது ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் மூன்று வீடு தாண்டிப் போகிற சபைகள் உண்டு. அந்தப் பழியைச் சொன்னவர்மேல் போடாதீர்கள், காவியவர்மேல் போடுங்கள்.

ஆனாலும் யாக்கோபு 5:16 சொல்கிறது, சொஸ்தமடையும்படிக்கு ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று. கத்தோலிக்க சகோதரர்களுக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது கூட்டுக்குள் இருக்கும் குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது, இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கூடு இல்லாததால் ஆளே தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். ஒரே ஒருவரைத் தெரிந்தெடுங்கள்: உங்கள் பாலினத்தவர், வயதில் கொஞ்சம் மூத்தவர், மற்றவர் இரகசியத்தை உங்களிடம் ஒருபோதும் சொல்லாதவர். அந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். கிழமைக்கு ஒரு தரம், இருபது நிமிடம். அவர் கேட்க வேண்டியது மூன்று கேள்வி: விழுந்தாயா? அதற்கு முந்தி என்ன நடந்தது? இந்தக் கிழமை எதை மாற்றுவாய்? பிரசங்கம் வேண்டாம். எங்கள் மண்ணின் மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் சுவிசேஷம் அறிவிப்பதைப் பற்றி, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதுதான் அது என்றார். இந்த இருபது நிமிடத்துக்கும் அந்த மனநிலைதான் வேண்டும்.

குடியைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காக நாள்தோறும் சாராயமோ கசிப்போ அதிகமாகக் குடித்தவர், ஆலயத்தில் தீர்மானம் எடுத்து அன்றே நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். ஆறு மணித்தியாலத்துக்குப் பின் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி மாறாட்டம் வரலாம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு கதைப்பார். வீட்டார் பேய் என்று நினைத்து ஜெபக்கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். அது பேய் அல்ல, மூளை மதுவில்லாமல் தவிக்கிறது. நிறுத்துவதற்கு முன்னமே போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். விற்றமின் பி1 கொடுப்பார்கள், நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்கள் கட்டிலருகே இருந்து ஜெபியுங்கள்.

அதேபோல, போரில் பிள்ளையை இழந்து நித்திரை வராமல் குடிக்கத் தொடங்கியவரிடம் குடியைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவைத் தேவன் முதலில் கண்டிக்கவில்லை. 1 இராஜாக்கள் 19இல் அவன் நித்திரை கொள்கிறான், தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், மறுபடியும் நித்திரை, மறுபடியும் சாப்பாடு. அதன் பிறகுதான் பேச்சு. சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் விழலாம். அப்போது இரண்டாவது சோதனை ஒன்று வரும், முதலாவதைவிடப் பொல்லாதது: ‘விழுந்தாயிற்று, இனி இன்றைக்கு முழுக்க விழு.’ ஒரே இரவில் இயேசுவை மறுதலித்த பேதுருவும் விழுந்தான், காட்டிக்கொடுத்த யூதாஸும் விழுந்தான்; பேதுரு திரும்பி வந்தான், யூதாஸ் வரவில்லை. பேதுரு விழுவதற்கு முன்னமே ‘உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்’ என்று இயேசு சொல்லியிருந்தார், லூக்கா 22:32. ஆகவே உங்கள் கொப்பியில் இன்னொரு கணக்கும் இருக்கட்டும்: விழுந்த நேரத்துக்கும் திரும்பிய நேரத்துக்கும் இடையில் எவ்வளவு? முன்பு மூன்று கிழமை, இப்போது மூன்று மணித்தியாலம் என்றால், புள்ளிகள் குறையாவிட்டாலும் நீங்கள் முன்னே போகிறீர்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9ஐ அன்றிரவே சொல்லுங்கள். திருவிருந்துக்கு வராமல் மாதக்கணக்கில் கடைசி வாங்கில் இருப்பது தாழ்மை அல்ல.

கடைசியாகச் சபை மூப்பர்களுக்கு. விட்டு வந்த பழக்கம் பின்னேரங்களில் பெரிய வெற்றிடத்தை விட்டுப் போகும். கூட்டிப் பெருக்கி அலங்கரித்த வெறும் வீட்டுக்கு, விட்டுப் போன அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த கதை மத்தேயு 12இல் இருக்கிறது. மாலை 6 முதல் 9 வரை அவருக்கு வேலை கொடுங்கள்: பாடகர் குழுப் பயிற்சி, கதிரை அடுக்குதல், நோயாளி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோதல். ஆனால் சூதாட்டத்திலிருந்து வந்தவரை ஒரு வருடத்துக்காவது காணிக்கை எண்ண இருத்தாதீர்கள். குடியிலிருந்து வந்தவரைக் கலியாண வீட்டுப் பந்திப் பொறுப்பில் விடாதீர்கள். ‘மன்னித்துவிட்டோம் என்று காட்டத்தானே’ என்பார்கள் சிலர். காட்டுவதற்கு வேறு வழி நிறைய உண்டு. ஏன் அந்த வேலை தரவில்லை என்பதையும் மறைக்காமல் அவரிடமே சொல்லிவிடுங்கள்.