யாரோ பார்த்து வைத்த சூரியன்

கொடைக்கானலில் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நான் பேசியதை எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள். பேசிய வரிசையிலேயே தருகிறேன்.

பெரியோர்களே, ஆசிரியத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பூம்பாறையிலிருந்தும் வில்பட்டியிலிருந்தும் வந்திருப்பவர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். செயற்கை நுண்ணறிவு நம் பிள்ளைகளின் படிப்பை என்ன செய்யப்போகிறது, அதில் எது நியாயம், எது அநியாயம் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையில் இயற்பியல் கற்பித்தவன் நான். சூரியனிலிருந்துதான் தொடங்கத் தெரியும்.

நம் ஊர் அப்சர்வேட்டரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சம், அதற்குப் பிறகுதான் மழைக்கும் சூரியனுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அன்றைய அரசாங்கத்தைக் குடையத் தொடங்கியது. அந்தக் கேள்விக்குப் பிறந்த பிள்ளைதான் 1899இல் இங்கே அமைந்த சூரிய ஆய்வுக்கூடம். 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியன்மேல் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். உலகமெங்கும் வானியல் மாணவர்கள் அதை எவர்ஷெட் விளைவு என்று படிக்கிறார்கள்.

எனக்கு எவர்ஷெட்டைவிட முக்கியமாகத் தோன்றுபவர்கள் அதே கட்டடத்தில் வேலை பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, பனி விலகி வானம் தெளிந்த நாளிலெல்லாம் யாரோ ஒருவர் அந்தக் குன்றேறிப் போய், தொலைநோக்கியைத் திறந்து, கண்ணாடித் தகட்டில் சூரியனைப் படம் பிடித்தார். இன்னொருவர் தாளில் இருந்த வட்டத்துக்குள் அன்றைய புள்ளிகளையும் இழைகளையும் ஒளித்திட்டுகளையும் வண்ணம் பிரித்துக் கையால் குறித்தார். சூரியனின் ஆர்ப்பாட்டம், அதாவது அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை, ஏறி இறங்கும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகும். வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் ஒருவர் மூன்று சுற்றுகளைப் பார்க்கலாம். அடுத்த சுற்றை அடுத்தவர்தான் பார்க்க வேண்டும். அப்படிக் கை மாறி, தலைமுறை மாறி, நூறாண்டுக்கு மேல் ஓடியது அந்தப் பதிவு.

இன்று அந்தத் தகடுகளும் தாள்களும் கணினியில் ஏறியிருக்கின்றன. எது புள்ளி, எது இழை என்று கணினியே கற்றுக்கொண்டு அடையாளம் காண்கிறது. வாழ்நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்து எண்ணினாலும் முடியாததை அது எண்ணித் தருகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கியது, பொய்யில்லை. கூடவே ஒன்று தோன்றியது. 1921இல் ஏதோ ஒரு டிசம்பர் காலையில், இந்தக் குளிரில் யார் போவது என்று படம் பிடிக்க வேண்டியவர் போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தால், அன்றைய சூரியன் எந்தக் கணினிக்கும் கிடைத்திருக்காது. இயந்திரம் பார்ப்பதெல்லாம் யாரோ பார்த்து வைத்தது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இது எப்படி என்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கணினிக்கு ஒரு படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறோம். அது ஏதோ ஒரு விடை சொல்கிறது. தவறு என்றால், அதனுள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களை மயிரிழை அளவு திருத்துகிறோம். மறுபடி ஒரு படம், மறுபடி ஒரு திருத்தம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அதேதான். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்து உலகத்தையே பேசவைத்த சாட்ஜிபிடி போன்றவையும் அடிப்படையில் இப்படித் தேய்ந்து தேய்ந்து உருவானவையே. அவற்றுக்குக் கொடுத்த பயிற்சி, ஒரு வாக்கியத்தில் அடுத்து என்ன வரும் என்று கணிப்பது. மனிதர்கள் எழுதிக் குவித்ததை ஊன்றிப் படித்து அந்தக் கணிப்பில் அவை தேறிவிட்டன. அதனால்தான் தெரியாததைக் கேட்டாலும் திக்காமல் திணறாமல் பேசுகின்றன. நம் வகுப்பில் விடை தெரியாத பிள்ளையின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு முகம் இல்லை.

இங்கே நீலக்குறிஞ்சியை நினைத்துப் பாருங்கள். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. 2019 தொடங்கி இன்றுவரை கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதையில் நின்று தினமும் ஒரு படம் எடுத்து ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுங்கள். இந்த மலை என்ன நிறம் என்று கேளுங்கள். பச்சை என்று சொல்லும், சில நாட்களில் பனியின் வெள்ளை என்று சொல்லும். கிட்டத்தட்ட எல்லா நாளும் அது சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் இந்த மலை நீலமாகும் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அரிதாக நிகழ்வதும், சிலருக்கு மட்டும் நிகழ்வதும் அதன் பார்வையிலிருந்து நழுவிவிடும். இந்த மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்பில் ஒரு பெரியவருக்குத் தேனைப் பற்றியும் கிழங்கைப் பற்றியும் தெரிந்தது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை என்றால், இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்த அறிவு உலகத்தில் இல்லை.

விவசாயிகள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கணினிக்குக் காட்டி 26 நோய்களைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நூற்றுக்கு 99.35 சரியாகச் சொன்னது. கேட்பவர் அசந்துபோவார். ஆனால் அவை இலையைப் பறித்து, சீரான பின்புலத்தில் வைத்து எடுத்த படங்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அதே கணினி நூற்றுக்கு 31 அளவில்தான் சரியாகச் சொன்னது. மறைக்காமல் அதையும் எழுதிய அந்த ஆய்வாளர்களை நான் வணங்குகிறேன்.

கீழ்ப்பழனி மலையில் வாழை வைத்திருப்பவர்களிடம் முடிக்கொத்து நோயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. குருத்து குறுகி, இலைகள் மேலே கொத்தாக நிமிர்ந்து, காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விழுந்துவிட்டால் அந்த மரத்திலிருந்து தார் எதிர்பார்க்க முடியாது. அசுவினிப் பூச்சி அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும் முன் கிழங்கோடு தோண்டி எடுத்து அழிக்க வேண்டும். விருப்பாட்சி, சிறுமலை வாழைகள் செழித்த தோட்டங்களை அந்த நோய் எப்படி வெறுமையாக்கியது என்று தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் கேட்டால் சொல்வார்கள். 2019இல் வாழை நோய்களைக் கைபேசியில் கண்டுபிடிக்கும் ஒரு செயலியை உருவாக்கினார்கள். துமைனி என்று பெயர். சுவாஹிலி மொழியில் நம்பிக்கை என்று பொருள். முடிக்கொத்து நோயும் அதில் அடக்கம். ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் தோட்டத்துக்குள்ளேயே நின்று எடுத்த ஏறக்குறைய 18,000 படங்களைக் கொண்டு அதைப் பழக்கினார்கள். வெயில், நிழல், புழுதி, கிழிந்த இலை எல்லாம் அந்தப் படங்களில் இருந்தன. தோட்டத்துக்குப் போனவர்களின் கால் உழைப்பு அது.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். மாலையில் என்னிடம் கணக்குக் கேட்க வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘எங்கள் ஊர்’ என்ற கட்டுரையைக் காட்டினாள். கைபேசியில் கேட்டு எழுதியது. 1863இல் லெவிஞ்ச் துரை ஏரி அமைத்தது, ஏரி நட்சத்திர வடிவில் இருப்பது எல்லாம் அதில் இருந்தன. ஒரு பிழையும் இல்லை. அவள் வீட்டில் பூண்டு போடுகிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப் பூண்டு. ‘விதைப் பூண்டு கெடாமல் எப்படியம்மா இருக்கிறது?’ என்று கேட்டேன். தாத்தா கொத்துக் கொத்தாக முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதையும், புகை படியப் படியத் தோல் நிறம் மாறுவதையும், புகை போதுமா என்று தாத்தா விரலால் தட்டிக் கேட்பதையும் பத்து நிமிடம் சொன்னாள். தட்டிக் கேட்பது எனக்கே புதிது. அந்தக் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கும்? அவள் இன்னும் எழுதவில்லையே.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. காப்பியடிப்பது இந்த இயந்திரத்தோடு வந்ததல்ல. நம் ஆய்வகங்களில், நூலில் குண்டைக் கட்டி ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் தனி ஊசல் சோதனை நடக்கும். விடை 9.8 என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை நிரப்புவார்கள். நாம் கையெழுத்துப் போடுவோம். ஒருமுறை ஒரு மாணவன் 9.4 என்று எழுதிக்கொண்டு வந்தான். நூலின் நீளத்தை அளந்ததில் சிறு பிழை. ஆனால் அந்த வகுப்பில் உண்மையாகவே ஊசலைப் பார்த்து எண்ணியவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு நான் மதிப்பெண் குறைத்தேன். இருபது ஆண்டுகள் கழிந்தும் அது என்னை உறுத்துகிறது. சரியான விடைக்கு மட்டும் பரிசு கொடுத்துப் பழக்கியது நாம். சரியான விடையை நொடியில் தரும் இயந்திரம் வந்தவுடன் பிள்ளைகள் அதனிடம் போகிறார்கள். ஆசிரியத் தோழர்களே, பார்த்ததற்கும் முயன்றதற்கும் மதிப்பெண் கொடுக்க இனியாவது தொடங்குவோம். முதல் வரைவை வகுப்பிலேயே, கையால், எழுதச் சொல்வோம். அதன் பிறகு இயந்திரத்திடம் காட்டட்டும். அது சொல்வதில் எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் என்று கேட்போம்.

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் கேட்க ஆளில்லாத வீடுகள் இந்த மலையில் எத்தனையோ. பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் தமிழில் விளக்கும் ஒரு துணை அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதை நான் தடுப்பேனா? சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழுவினர் இந்திய மொழிகளின் பேச்சையும் எழுத்தையும் சேகரிப்பதும் நல்ல வேலை. நம் ஊர்ப் பேச்சு அதில் சேர வேண்டும். ஆனால் பளியர் பெரியவரின் குரலைப் பதிவு செய்யப் போகிறவர், எதற்கு என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். பெற்றோர்களே, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. படிப்புக்கான செயலி என்று கண்ணை மூடிக்கொண்டு விரலை அழுத்தாதீர்கள்.

நியாயத்தைப் பற்றி நம் ஊருக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கே ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. காய்ச்சலை அளக்க உலகத்துக்குப் போன கருவி, குற்றமில்லாத கருவி. நச்சுப் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடையில் குவிந்து கிடப்பதைக் கண்ட பிறகே ஊர் விழித்தது. 2001இல் ஆலை மூடப்பட்டது. உள்ளே வேலை செய்தவர்கள் ஈட்டுத்தொகைக்கு 2016 வரை காத்திருந்தார்கள். தெர்மாமீட்டரைக் கையில் எடுத்த எந்த டாக்டருக்கும் அவர்களைத் தெரியாது.

2023 ஜனவரியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதியது: சாட்ஜிபிடி கண்ணியமாகப் பேசுவதற்காகக் கென்யாவில் தொழிலாளர்கள் வன்கொடுமை வர்ணனைகளை நாள் முழுக்கப் படித்து, இது தகாதது, இது தகாதது என்று குறித்துக் கொடுத்தார்கள், மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலி. படித்தது மனதை விட்டுப் போகவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். சாட்ஜிபிடியில் நாம் ஒரு கேள்வி தட்டும்போது வரும் மரியாதையான பதிலில் அவர்களுடைய தூக்கம் கலந்திருக்கிறது. பாதரசத்தை அறிந்த ஊர் நாம். உள்ளே யார் வேலை செய்தார்கள் என்ற கேள்வி நமக்குத்தான் முதலில் வர வேண்டும். அதை நம் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தின் நடுவிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும், தனி வகுப்பு வைத்து அல்ல.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூஞ்சிக்கல்லில் கூடித் தாண்டிக்குடிக்குப் போகிறோம். வாழைத் தோட்டக்காரர்கள் இருவரிடம் பேசி, அனுமதி வாங்கியிருக்கிறேன். மரம் மரமாக இலையைப் பார்த்துப் படம் எடுத்து, நாள், இடம், என்ன கண்டோம் என்று எழுதப்போகிறோம். நோய் எது என்று தோட்டக்காரர்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் பெயரும் பதிவில் இருக்கும். கைபேசியோடு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். மழை பெய்தாலும் போகிறோம். நனைந்த இலையின் படமும் வேண்டும்.